பியூஸ் ஏன் போகவில்லை?
(மின்திறன் மாற்றிகள் மிகைச்சுமையில் தம்மைக் காத்துக்கொள்ளும் விதம்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி

எங்கள் ஊர் நாங்குநேரி. என் தந்தையார் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தாயார் பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மின்சாரத்தைப் பற்றி ஊரில் யார் எதைக் கேட்டாலும் அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்.

சென்ற ஐப்பசி மழையில் ஓர் இரவு, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்பாவை அழைத்தார்கள். மறுநாள் அங்கே காதுகுத்து. வீடு நிறைய விருந்தினர். மாலையிலிருந்தே ஊரில் மின்தடை. இன்வெர்ட்டரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாரோ வரிசையாக நாலைந்து சுவிட்சுகளைப் போட்டிருக்கிறார்கள். வீடு முழுவதும் ஒரே நொடியில் இருண்டுவிட்டது. இன்வெர்ட்டர் 'கீ, கீ' என்று கத்தியது. அணைத்துப் போட்டால் விளக்குகள் ஒரு கணம் மினுங்கும்; மீண்டும் இருட்டு. நானும் டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு உடன் சென்றிருந்தேன். அப்பா பீஸ் கட்டைகள் ஆறையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு கம்பிகூட உருகவில்லை. "பீஸ் போவல. அப்ப லைன்ல ஷார்ட் இல்ல. இன்வெர்ட்டர்தான் அவுட்டு" என்று தீர்ப்புக் கூறிவிட்டு வந்தார். இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் சொன்ன தீர்ப்பு அது.

மறுநாள் காலை வாடகைக்கு 25 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் வந்தது. அதை வீட்டுக்கு இணைத்து ஓடவிட்டதும் 'டப்' என்று புறவாசல் பீஸ் போயிற்று. எலி கடித்த இரட்டைக் கம்பி ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்வெர்ட்டரைக் கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள், "இதில் ஒரு கோளாறும் இல்லை" என்ற பதிலோடு திரும்பினார்கள். "அவருக்கு மோட்டார்தான் தெரியும், இன்வெர்ட்டர் தெரியாது" என்ற பேச்சு தெருவில் பரவியது. அதன்பின் இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால் அப்பா போகவில்லை. இன்றைக்கு நாங்குநேரியில் இன்வெர்ட்டர் இல்லாத வீடுகள் எத்தனை? வருமானத்தில் அது ஒரு துண்டு விழுந்ததுபோலத்தான்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டுத் தட்டின் முன் அமர்ந்து என்னைக் கேட்டார்: "ஏட்டி, அதே ஷார்ட்டு, அதே பீஸு. ஜெனரேட்டருக்குப் போவுது, இன்வெர்ட்டருக்குப் போவல. ஏன்? நீ காலேஜுல அதத்தான படிக்க?"

எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

உருகி எதை நம்பி வாழ்கிறது?

பியூஸ் என்னும் உருகியின் வேலை ஜூல் விதியைச் சார்ந்தது. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் காலத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 5 ஆம்பியர் உருகி 5 ஆம்பியரை எவ்வளவு நேரமும் தாங்கும். உருக்கம்பி மாட்டும் பழைய பீஸ் கட்டையானால் 8 ஆம்பியரைக்கூட உருகாமல் தாங்கிவிடலாம். அவை உருகும் மின்னோட்டம் குறித்த அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, உருகி விரைவில் போக வேண்டுமானால் பெரிய மின்னோட்டம் ஒன்று வந்தாக வேண்டும். சிறிது கூடினால் போதாது. பன்மடங்கு கூட வேண்டும்.

மின்வாரியத்தின் இணைப்பில் அந்தப் பெரிய மின்னோட்டம் தாராளமாகக் கிடைக்கிறது. தெருமுனையில் நிற்கும் 100 கே.வி.ஏ. மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைப்பது அது. அதன் முழுச்சுமை மின்னோட்டம் ஒரு பேஸுக்கு 133 ஆம்பியர். உள்மின்மறிப்பு 4.5 சதவீதம். எனவே மின்மாற்றியின் வாயிலிலேயே குறுக்குச் சுற்று நேர்ந்தால் 133-ஐ 0.045-ஆல் வகுக்க, ஏறத்தாழ 3,000 ஆம்பியர் பாயும். வீட்டுக்குள் வருமுன் கம்பிகளின் தடை சேர்ந்து இதைக் குறைக்கும். போகவர மொத்தம் அரை ஓம் என்று கொண்டாலும் 230-ஐ 0.5-ஆல் வகுத்தால் 460 ஆம்பியர். 5 ஆம்பியரில் பிறக்கும் வெப்பத்தைப்போல் எட்டாயிரம் மடங்குக்கு மேல் அந்தச் சிறு கம்பியில் பிறக்கிறது. அது 'டப்' என்று போகாமல் என்ன செய்யும்? டீசல் ஜெனரேட்டரும் அவ்வாறே. சுழலும் இரும்பும் செம்பும் கொண்ட எந்திரம், குறுக்குச் சுற்று நேர்ந்த முதல் சில கணங்களில் தன் முழுச்சுமையைப்போல் பன்மடங்கு மின்னோட்டத்தை வாரி வழங்கிவிடும்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. தவறு நடந்த இடத்தை உருகி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. தாராளமாக வழங்கும் ஒரு மூலம் பின்னால் இருப்பதால்தான் அது கண்டுபிடிக்கிறது. புறவாசல் கட்டை உருகினால் கோளாறு புறவாசலில் என்று நாம் அறிகிறோம். அந்த அறிவுக்கு விலையாக மூலம் 460 ஆம்பியரைக் கொடுத்திருக்கிறது.

சிலிக்கனின் ஏழ்மை

இன்வெர்ட்டர் என்பது மின்திறன் மாற்றிகளில் ஒரு வகை. (மின்மாற்றி என்ற டிரான்ஸ்பார்மரையும் மின்திறன் மாற்றியையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.) பாட்டரியின் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தைக் குறைகடத்திச் சாவிகள் மிக விரைவாகத் திறந்து மூடி, 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக ஆக்குகின்றன. கைப்பேசி சார்ஜரில், எல்.இ.டி. பல்பின் கழுத்தில், சூரிய மின்பம்பின் டிரைவில், காற்றாலையின் அடியில் உள்ள இரும்பு அலமாரியில் எல்லாம் இதே வேலைதான், அளவில் பெரியதும் சிறியதுமாக நடக்கிறது.

900 வி.ஏ. இன்வெர்ட்டர் முழுச்சுமையில் வெளியே கொடுப்பது 3.9 ஆம்பியர். உள்ளே, 700 வாட் சுமைக்கே, இழப்புகளையும் சேர்த்தால் பாட்டரியிலிருந்து 70 ஆம்பியர் அளவில் இழுக்கிறது. பாட்டரியோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடியது, அதற்குப் பஞ்சமில்லை. இடையில் நிற்கும் குறைகடத்திதான் ஏழை. எவ்வளவு ஏழை என்பதை முதலாண்டு வெப்பவியல் பாடத்தைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்டுப் பார்த்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

415 வோல்ட் மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டும் ஒரு டிரைவின் உள்ளே ஏறக்குறைய 600 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். அதில் ஐ.ஜி.பி.டி. என்ற சாவி வேலை செய்கிறது. அதன் சிலிக்கன் சில்லு 1 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 0.12 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். பருமன் 0.012 கன செ.மீ.; சிலிக்கனின் அடர்த்தி 2.33, எனவே நிறை 0.028 கிராம். தன்வெப்பம் கிராமுக்கு 0.7 ஜூல். ஒரு டிகிரி சூடேற 0.0196 ஜூல் போதும். 25 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்குப் போக 2.45 ஜூல். வெளியே குறுக்குச் சுற்று நேர்ந்து, சில்லு 600 வோல்ட்டையும் தாங்கி 400 ஆம்பியரையும் கடத்துமானால் அதில் எரியும் திறன் 2,40,000 வாட். 2.45-ஐ இதனால் வகுத்தால் வருவது ஏறக்குறைய 10 மைக்ரோ வினாடி.

இது தோராயக் கணக்கே. சில்லு முழுதும் ஒரே சீராகச் சூடேறும் என்று கொண்டிருக்கிறேன்; மெய்யில் அவ்வாறன்று. ஆயினும் உற்பத்தியாளர்கள் இவ்வகைச் சாவிகளுக்குப் பொதுவாகக் குறிக்கும் குறுக்குச் சுற்றுத் தாங்குகாலமும் 10 மைக்ரோ வினாடி அளவினதே என்பதைப் பின்னர் படித்தபோது, தேர்வில் விடை சரியாக வந்ததைவிட மகிழ்ந்தேன்.

ஒப்பிட்டுப் பாருங்கள். மின்மாற்றி ஒன்று குறுக்குச் சுற்றை 2 வினாடி தாங்கவேண்டும் என்பது நம் நாட்டுத் தர விதி. 2 வினாடிக்கும் 10 மைக்ரோ வினாடிக்கும் இடையே இரண்டு லட்சம் மடங்கு வேறுபாடு. அப்பா ஒரு மோட்டாரில் ஒரு கிலோ செம்புக் கம்பி சுற்றுகிறார் என்று கொண்டால், அது ஒரு டிகிரி சூடேற 385 ஜூல் வேண்டும். நம் சில்லைப்போல் இருபதாயிரம் மடங்கு. செம்பு பொறுத்துக்கொள்ளும், கருகிய வாடை வரும், ஓடிப் போய் அணைக்க நமக்கு நேரமிருக்கும். சிலிக்கன் அப்படி அவகாசம் தருவதில்லை. உருகி உருகுவதற்கு எவ்வளவு விரைந்தாலும் மில்லி வினாடிகள் ஆகும். உருகியைக் காக்கச் சிலிக்கன் முதலில் செத்துவிடும்.

எனவே மாற்றி பிறரை நம்பாமல் தன் மின்னோட்டத்தைத் தானே அளந்து தானே அடக்கவேண்டியதாயிற்று.

அடக்கும் விதங்கள்

முதலில் அளக்க வேண்டும். மிகச் சிறிய தடை ஒன்றைப் பாதையில் வைத்து அதன் இருமுனை மின்னழுத்தத்தைப் பார்ப்பது எளிய முறை. 1 மில்லி ஓம் தடையில் 70 ஆம்பியர் பாய்ந்தால் 70 மில்லி வோல்ட். பெரிய கருவிகளில், 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த ஹால் விளைவு பயன்படுகிறது. நாம் ஆய்வகப் பதிவேட்டில் எழுதிவிட்டு மறந்துபோகும் அந்த விளைவுதான் ஒவ்வொரு சூரிய பம்பு டிரைவிலும் காவல் நிற்கிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும்.

அளந்தபின் அடக்குவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தருவது மின்தூண்டி. அதில் மின்னோட்டம் திடீரென ஏற முடியாது. ஏறும் வேகம் மின்னழுத்தத்தைத் தூண்டல் எண்ணால் வகுத்தது. 350 வோல்ட்டும் 1 மில்லி ஹென்றியும் ஆனால் மைக்ரோ வினாடிக்கு 0.35 ஆம்பியர். 10 மைக்ரோ வினாடியில் மூன்றரை ஆம்பியர்தான் கூடும். அதற்குள் ஒப்பிடும் சுற்று விழித்துக்கொண்டு சாவியை மூடிவிடும். வினாடிக்கு 20,000 முறை திறந்து மூடும் மாற்றியில் ஒவ்வொரு துடிப்புக்கும் 50 மைக்ரோ வினாடி. ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் எல்லையைத் தொட்டதும் அந்தத் துடிப்பு அங்கேயே துண்டிக்கப்படும். அடுத்த துடிப்பு வழக்கம்போல் தொடங்கும். இதுதான் முதல் காவல்.

இப்படி அடக்கினால் வெளியே என்ன நிகழும்? மின்னோட்டம் எல்லையில் நிற்க, மின்னழுத்தம் சரியும். எல்லை 5 ஆம்பியர், சுமையின் தடை 2 ஓம் என்றால் வெளியே கிடைப்பது 10 வோல்ட் மட்டுமே. ஓம் விதியை யாரும் மீறவில்லை. மின்னழுத்தம் நிலையானது என்ற நம் பழக்கம்தான் மீறப்பட்டிருக்கிறது. இதை நிலைமின்னோட்ட முறை என்பர்.

நம் ஆய்வகங்களில் உள்ள நேர்மின் வழங்கிகள் சிலவற்றில் வேறொரு முறை உண்டு. குறுக்குச் சுற்று நெருங்க நெருங்க மின்னோட்டத்தையும் சேர்த்தே குறைப்பது. உள்ளே 20 வோல்ட், வெளியே 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால், இடையிலுள்ள டிரான்சிஸ்டரில் 16 வாட் வெப்பம். குறுக்குச் சுற்றில் அதே 2 ஆம்பியரை விட்டால் 40 வாட். அதை 0.5 ஆம்பியராக மடக்கிவிட்டால் 10 வாட்தான். நல்ல ஏற்பாடுதான்; ஆனால் குளிர்ந்த இழைப் பல்பை இணைத்தால் சில வேளை எரியாமலே நின்றுவிடும். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்களவே. வழங்கி அதைக் குறுக்குச் சுற்று என்று எண்ணி மடங்கிக்கொள்கிறது. அளவுக்கு மீறிய எச்சரிக்கையும் ஒரு கோளாறு.

மூன்றாவது, விட்டுவிட்டு முயல்வது. மிகைச்சுமை என்றால் முற்றிலும் அணைந்து, சிறிது காத்திருந்து, மீண்டும் போட்டுப் பார்ப்பது. சரியில்லையென்றால் மறுபடி அணைவது. விக்கல் போன்றது. கைப்பேசி சார்ஜர்கள் பல இப்படித்தான். வீட்டு இன்வெர்ட்டர் சில முறை முயன்றபின் முடங்கிக் கத்துகிறது. மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும் என்பதால், சிறிது கூடுதலைச் சிறிது நேரம் பொறுக்கும். மிகுதியை உடனே வெட்டும்.

இப்போது காதுகுத்து வீட்டுக்குத் திரும்புவோம். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் தன் எல்லையைக் கிட்டத்தட்ட இரு மடங்கு, அதாவது 8 ஆம்பியர் என்று வைத்திருந்தால், 5 ஆம்பியர் உருகியில் பிறக்கும் வெப்பம் வழக்கத்தைவிட 2.56 மடங்குதான். அதுவும் ஒரு வினாடிக்குள் வெட்டப்பட்டுவிடும். மின்வாரிய இணைப்பில் எட்டாயிரம் மடங்கு. இங்கே இரண்டரை மடங்கு. உருகி எப்படிப் போகும்? அப்பா பார்த்தது சரி. உருகி எல்லாம் நல்லபடியாக இருந்தது. அதிலிருந்து 'லைனில் ஷார்ட் இல்லை' என்று அவர் அடைந்த முடிவுதான் தவறு. அந்த முடிவு இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சரியாக இருந்ததற்குக் காரணம் தெருமுனை மின்மாற்றி.

தெற்கே காற்றாடிகளிடம்

இது எங்கள் தெருவோடு நிற்கும் சங்கதியன்று. நாங்குநேரியிலிருந்து நாகர்கோவில் பேருந்தில் ஏறி, வள்ளியூர், பணகுடி தாண்டினால் காவல்கிணறு, முப்பந்தல் வரை காற்றாலைகள் காடாக நிற்கின்றன. 1990-களில் அங்கே நிறுவப்பட்ட பழைய எந்திரங்களில் பல, மின்கம்பியோடு நேரே இணைக்கப்பட்ட தூண்டல் மின்னாக்கிகள். அருகில் குறுக்குச் சுற்று நேர்ந்தால் அவை முதலில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைத் தள்ளிவிட்டுப் பின் தளர்ந்துவிடும். தாமிரபரணியின் குறுக்கே பாபநாசத்தில் 1944 முதல் இயங்கும் நீர்மின் நிலையத்தின் எந்திரங்களும் பன்மடங்கு தருபவையே. இந்தத் தாராளத்தை நம்பித்தான் துணைமின் நிலையங்களின் ரிலேக்கள் அமைக்கப்பட்டன. ரிலே என்பது பெரிய வீட்டின் பியூஸ் அன்றோ!

புதிய காற்றாலைகளில் மின்திறன் மாற்றி குறுக்கே நிற்கிறது. ஒரு வகையில் எந்திரத்தின் திறனில் மூன்றில் ஒரு பங்களவு மட்டும் மாற்றி வழியே போகிறது. மற்றொரு வகையில் முழுத்திறனும் மாற்றி வழியேதான். இந்த இரண்டாம் வகை, குறுக்குச் சுற்றின்போதும் தன் குறித்த மின்னோட்டத்தைப்போல் 1.1 அல்லது 1.2 மடங்குக்கு மேல் தராது. நம் 0.028 கிராம் சில்லின் ஏழ்மை, இரண்டு மெகாவாட் எந்திரத்திலும் ஏழ்மையே. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2021-ல் தொடங்கப்பட்ட 2,000 மெகாவாட் உயரழுத்த நேர்மின் இணைப்பிலும் இதே வகைச் சாவிகள்தான் அடுக்கடுக்காக உள்ளன.

முன்பெல்லாம் மின்னழுத்தம் சரிந்தால் காற்றாலைகள் தம்மைக் காத்துக்கொள்ளக் கழன்றுகொள்ளும். நாலைந்து நின்ற காலத்தில் அதனால் கெடுதல் இல்லை. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கழன்றால் ஊரே இருளும். ஆகவே மத்திய மின்சார ஆணையம் 2013-ல் விதியைத் திருத்தியது. 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள மின்தொடரில் இணையும் காற்றாலை நிலையம், மின்னழுத்தம் 15 சதவீதமாகச் சரிந்தாலும் உடனே கழலக்கூடாது. மின்தொடரின் அழுத்தத்துக்கேற்ப அதிகபட்சம் 300 மில்லி வினாடி தாங்கி நிற்கவேண்டும். அந்த நேரத்தில் மின்னழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மின்னோட்டத்தை, அதாவது கட்டத்தில் 90 பாகை விலகிய மறுவினை மின்னோட்டத்தை, இயன்ற மட்டும் தரவேண்டும்.

இங்கே அழகான ஒரு சிக்கல் எழுகிறது. மாற்றியின் எல்லையோ 1.1. செயல் மின்னோட்டமும் மறுவினை மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. பிதாகரஸ் தேற்றப்படி இரண்டின் இருமடிகளின் கூட்டல் 1.21-ஐத் தாண்டக்கூடாது. மறுவினைக்கு 1 கொடுத்துவிட்டால் செயலுக்கு எஞ்சுவது 0.21-இன் வர்க்கமூலம், 0.46. மின்னழுத்தமும் சரிந்திருப்பதால் வெளியேறும் திறன் இன்னும் குறைவு. ஆனால் காற்று நிற்கவில்லையே! இறக்கைகள் கொண்டுவரும் ஆற்றல் போக இடமின்றி உள்ளே நேர்மின் பகுதியில் தேங்கும். அதைப் பெரிய தடைச்சுருள் ஒன்றில் வெப்பமாக எரித்துவிடுகிறார்கள். அதற்குள் இறக்கைகளும் காற்றுக்கு முகம் திருப்பிக்கொள்ளும்.

சரி, 1.1 மடங்கு மின்னோட்டத்தை வைத்துக்கொண்டு ரிலே கோளாறை எப்படி அறியும்? ஒரு வழி, மின்னோட்டத்தின் பெருமையைப் பாராமல் கணக்கைப் பார்ப்பது. மின்தொடரின் இரு முனைகளிலும் அளந்து, உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமா என்று ஒப்பிடுவது. சமமில்லையென்றால் நடுவில் எங்கோ கசிகிறது. கிர்க்காப் விதிதான். நம் வீடுகளில் இப்போது மாட்டப்படும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காவல் சுவிட்சும், போன மின்னோட்டமும் வந்த மின்னோட்டமும் சமமா என்றே பார்க்கிறது.

அப்பாவின் பல்பு

இவ்வளவையும் படித்தாயிற்று. அப்பாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சில்லு, மைக்ரோ வினாடி, ஹால் விளைவு என்று நான் அடுக்கியபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாஞ் சரி. பீஸ் போவாட்டா நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார். நியாயமான கேள்வி. நான் எழுதியிருந்த மூன்று பக்கக் குறிப்பில் அதற்கு விடை இல்லை.

கடையில் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விடை கிடைத்தது. காயில் கட்டிய மோட்டாரை அவர் நேரே மின்சாரத்தில் போடுவதில்லை. 100 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துத்தான் போடுவார். அதைச் சீரியல் பல்பு என்பார். மோட்டாருக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். நல்லதாயிருந்தால் மங்கலாக எரியும். ஷார்ட் இருந்தாலும் கடையின் பீஸ் போகாது. ஏன் போகாது? 100-ஐ 230-ஆல் வகுத்தால் 0.43 ஆம்பியர். அதற்கு மேல் பல்பு விடாது.

"அப்பா, உங்க சீரியல் பல்புதான் இன்வெர்ட்டருக்குள்ள இருக்கு. வெளிய தெரியாம எரியுது. பல்பு இருக்கும்போது பீஸ் போகுமா?" என்றேன்.

அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அன்னைக்கி பீஸ் கட்டைய எடுத்திட்டு, அந்த எடத்துல ஒண்ணொண்ணா பல்பப் போட்டிருந்தா..." என்று நிறுத்தினார்.

ஆம், அதுதான் விடை. அதை அவரே சொல்லிவிட்டார். எல்லாக் கட்டைகளையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு கட்டையின் இடத்திலும் பல்பை இணைத்து இன்வெர்ட்டரைப் போட்டால், பல்பு 0.43 ஆம்பியருக்கு மேல் விடாததால் இன்வெர்ட்டர் முடங்காது. நல்ல வரிசைகளில் பல்பு மங்கும்; ஷார்ட் உள்ள வரிசையில் பளிச்சென்று எரியும். அந்த மழை இரவில், ஜெனரேட்டர் வரும்வரை காத்திராமல், ஐந்து நிமிடத்தில் புறவாசலைக் கண்டுபிடித்திருக்கலாம். (நண்பர்கள் இதைத் தாமாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். திறந்த முனைகளில் 230 வோல்ட் இருக்கும். இன்வெர்ட்டரின் 230-உம் உயிரைக் கொல்லும் 230-தான்.)

மின்னோட்டத்தை எல்லைக்குள் அடக்குவதில் அந்த இழைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எரியும்போது அதன் தடை 529 ஓம். குளிர்ந்திருக்கையில் அதில் பத்தில் ஒரு பங்களவு. மின்னோட்டம் கூடக் கூடத் தடையையும் கூட்டிக்கொண்டு தன்னால் எதிர்க்கிறது. ஒப்பிடும் சுற்றும் வேண்டாம், ஹால் உணரியும் வேண்டாம்.

தை மாதத்தில், சந்நிதித் தெருப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து இதே புகாரோடு வந்தார்கள். அப்பா பையில் பல்பைச் சுற்றி வைத்துக்கொண்டு போனார். நாலாவது கட்டையின் இடத்தில் பல்பு பளிச்சென்று எரிந்ததாம். சமையலறை மிக்சி பிளக்கின் உள்ளே கம்பி ஒட்டியிருந்திருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு வந்தவர் அம்மாவிடம் நடந்ததை இரண்டு முறை சொன்னார். என்னிடம், "காத்தாடிக்கு யாருட்டி சீரியல் பல்பு போட்டுப் பாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதுக் கவலை. கடைத்தெருவில் 100 வாட் இழைப் பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. எங்கும் எல்.இ.டி.தான். அது இந்த வேலைக்கு உதவாது. ஏனெனில் அதன் கழுத்துக்குள்ளும் தன் மின்னோட்டத்தைத் தானே ஒழுங்கு செய்துகொள்ளும் ஒரு மின்திறன் மாற்றி உட்கார்ந்திருக்கிறது. திருநெல்வேலி சந்திப்பில் ஒரு பழைய கடையில் நான்கு இழைப் பல்புகள் கிடைத்தன. அப்பா அவற்றைத் துணியில் சுற்றி, அம்மாவின் அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.